அப்பா பெயரில் இருந்த வீட்டுத் தீர்வையும் 22,575 ரூபாய் பாக்கியும்

சொந்த ஊரில் அப்பா அம்மா பெயரில் ஒரு வீடு, நீங்கள் பிழைப்புக்கு வேறு ஊரில் என்றால், இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். பெரிய நகரத்துச் சொத்து வரியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். சின்ன நகராட்சியில் தீர்வை, அதாவது வீட்டுக்கான சொத்து வரி, எப்படி விதிக்கிறார்கள், பாக்கி எப்படி முளைக்கிறது, அதை எப்படி அவிழ்ப்பது என்று எனக்கு விளக்கிச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. கோவையில் வேலை பார்த்துக்கொண்டு, லீவு போட்டுப் போட்டு ஊருக்குப் போய், ஏறத்தாழ ஒரு வருடம் அலைந்துதான் தெரிந்துகொண்டேன். ஊர் தென் மாவட்டத்தில் ஒரு சிறிய நகராட்சி. பெயர் வேண்டாம். இதே கதை வேறு ஊர்களிலும் நடந்துகொண்டுதான் இருக்கும்.

அப்பா 2022 டிசம்பரில் தவறிவிட்டார். வீடு அவர் பெயரில். நானும் தம்பியும் எங்கள் பங்கை அம்மாவுக்கே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்து, வாரிசுச் சான்று வாங்கி, பத்திரமும் பதிந்துவிட்டோம். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே போனது. மிச்சம் இருந்தது பட்டா, மின் இணைப்பு, தீர்வை மூன்றிலும் பெயர் மாற்றுவதுதான். இந்த மூன்றும் தனித்தனி அலுவலகம், தனித்தனி மனு. பத்திரம் பதிந்தாயிற்று, தீர்வை ரசீதும் தன்னால் அம்மா பெயரில் வரும் என்று இருந்துவிடாதீர்கள். தீர்வை ரசீதில் பெயர் இருப்பதாலேயே வீடு நம்முடையது ஆகிவிடாது, அது உரிமைப் பத்திரம் கிடையாது. ஆனால் வங்கிக் கடன், விற்பனை, கட்டட அனுமதி என்று எதற்குப் போனாலும் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.

2023 செப்டம்பரில் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். பெயர் மாற்ற மனுவை வாங்கிப் பார்த்த எழுத்தர், கணினியில் தட்டிவிட்டு, "பாக்கி இருக்கும்மா, கட்டிட்டு வாங்க" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். 22,575 ரூபாய், வட்டி தனி. எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்பா ஒரு அரையாண்டு கூடத் தவறவிட்டவர் இல்லை. ஏப்ரல் பிறந்தால் தீர்வை கட்டாமல் ஓய மாட்டார். அவர் போன பிறகு அம்மாவும் 2023 ஏப்ரலில் நேரில் போய் 2,000 ரூபாய் கட்டியிருந்தார். அப்படியிருக்க இந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "சிஸ்டத்துல அப்படித்தாம்மா காட்டுது" என்பதற்கு மேல் பதில் இல்லை. அன்று கோவைக்குத் திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஆத்திரத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது. அப்பாவைக் கடன்காரர் என்று யாரோ சொன்ன மாதிரி மனசு வலித்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, தீர்வை எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவது அப்போதுதான் புரியும். நகராட்சியில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முதல் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இரண்டாவது. ஒவ்வொரு வீட்டுக்கும், கடைக்கும் ஒரு வரி விதிப்பு எண் உண்டு. அந்த எண்ணுக்கு எத்தனை சதுர அடி, குடியிருப்பா வணிகமா, என்ன கூரை, எந்த மண்டலம், கட்டி எத்தனை வருடம் என்று பதிவேட்டில் இருப்பதை வைத்துத்தான் வரி. அதோடு நூலக வரியும் சேரும், அது சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடை இருந்தால் அதற்கு, குப்பை எடுப்பதற்கு என்று தனித் தனிக் கணக்கு ஓடும். அலுவலகத்தில் இதைக் கேட்பு (நாம் கட்ட வேண்டியது), வசூல் (கட்டியது), நிலுவை (பாக்கி) என்று மூன்று கலமாக வைத்திருப்பார்கள். ஒவ்வொரு அரையாண்டும் கேட்பு தானாக ஏறிவிடும். கடை மூடினாலும், இடித்தாலும், ஆள் செத்தாலும், யாராவது எழுதிக் கொடுத்து உத்தரவு போட்டு நிறுத்தும் வரை அது ஏறிக்கொண்டேதான் இருக்கும். நான் ஒரு வருடம் அலைந்ததற்குக் காரணம் இந்த ஒரு விஷயம்தான்.

அப்பாவின் ரசீதுகள் அலமாரிக்கு மேலே ஒரு வளைந்த கம்பியில் குத்தி வைத்திருந்தார். அடியில் இருந்தவை கார்பன் வைத்துக் கையால் எழுதியவை, நடுவில் புள்ளி அச்சில் வந்தவை, மேலே இருந்தவை கடையில் பில் போடுகிற மாதிரி மெல்லிய வெள்ளைத் தாள். கையெழுத்து ரசீதுகள் முப்பது வருடத்துக்கும் மேல் ஆகியும் தெளிவாக இருந்தன. மேலே இருந்த அந்த வழுவழுத் தாள்களில் பாதிக்கு மேல் எழுத்தே இல்லை, வெறும் வெள்ளை. வெயில் படுகிற சுவர் அது. வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் எண் லேசாகத் தெரிந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த மாதிரி ரசீது கைக்கு வந்தால் அன்றைக்கே நகல் எடுத்துவிடுகிறேன், போனில் படமும் எடுக்கிறேன். நீங்களும் செய்யுங்கள். அம்மா ஏப்ரலில் கட்டிய ரசீது புதிது என்பதால் படிக்க முடிந்தது. அதிலிருந்த வரி விதிப்பு எண்ணைப் பார்த்தேன். அது எங்கள் வீட்டு எண்ணே இல்லை.

எங்கள் வீட்டின் முன்பக்கம் ஒரு சின்ன அறை, 140 சதுர அடி. அதில் வெகுகாலம் டெய்லர் அண்ணாச்சி கடை வைத்திருந்தார். அதற்குத் தனி மின் இணைப்பு, தனிக் குழாய், தனி வரி எண். அவர் 2015இல் காலி செய்துவிட்டுப் போனதும் அப்பா நடுச்சுவரை இடித்து அதை வீட்டோடு சேர்த்துவிட்டார். மின்வாரியத்தில் கடை இணைப்பையும் ஒப்படைத்துவிட்டார். அப்போது வந்துகொண்டிருந்த பில் கலெக்டரிடம் கடை இல்லை என்று சொல்லி, அவரும் வந்து பார்த்துவிட்டு, "சரி, இனி வீட்டுக்கு மட்டும் கட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அம்மாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது, பக்கத்தில் நின்று மோர் கொடுத்தவர் அவர்தான். அந்த பில் கலெக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். பதிவேட்டில் ஒரு வரி கூட ஏறவில்லை. கடை எண் அப்படியே உயிரோடு இருந்தது. அம்மா ஏப்ரலில் போனபோது கவுன்டரில் பெயரை வைத்துத் தேடியிருக்கிறார்கள். இரண்டு எண்ணும் அப்பா பெயரில். கடை எண்ணில் பாக்கி தெரிய, அம்மா கொடுத்த 2,000 ரூபாயை அதில் வரவு வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு அந்த அரையாண்டு வரி கட்டாமலே நின்றது.

கவுன்டரில் பெயரைச் சொல்லிக் கட்டாதீர்கள், வரி விதிப்பு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். பழைய எண், புதிய எண் இரண்டும் தெரிந்தால் இரண்டையும் எழுதுங்கள். வார்டு மறுவரையறையிலும் கணினிக்கு மாற்றும்போதும் எண்கள் மாறியிருக்கும். ரசீதைக் கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் நின்று படியுங்கள். எண், முகவரி, எந்த அரையாண்டு, எந்தக் கணக்கு என்று நான்கையும் பாருங்கள். வயதானவர்களைத் தனியாக அனுப்பினால் பழைய ரசீது நகல் ஒன்றைக் கையில் கொடுத்து, "இந்த எண்ணுக்கு" என்று சொல்லச் சொல்லுங்கள்.

சரி, கடைக்கு எவ்வளவு ஏறியிருந்தது என்று பார்த்தேன். அரையாண்டுக்கு 460 ரூபாய். 2022 ஏப்ரலில் தமிழகம் முழுக்கச் சொத்து வரியைச் சீராய்ந்தார்கள் இல்லையா, அதில் வணிகக் கட்டடத்துக்கு எங்கள் மாதிரி நகராட்சிகளில் நூறு சதவீதம் உயர்வு. அது 920 ஆகிவிட்டது. 2015-16 இரண்டாம் அரையாண்டிலிருந்து கணக்குப் போட்டால் கடை வரி மட்டும் 8,740. அதைவிடப் பெரியது குடிநீர். அந்தக் கடைக் குழாய்க்கு மாதம் 150 ரூபாய் வீதம் எட்டு வருடம், 14,400 ரூபாய். குழாய் எப்போதோ துருப்பிடித்து மண்ணுக்குள் போய்விட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் வராத குழாய்க்கு அந்தப் பணம். இரண்டும் சேர்ந்து 23,140. அம்மாவின் 2,000 போக 21,140. வீட்டுக்கு நின்றுபோன 1,435 சேர்த்து 22,575. கணக்கு புரிந்ததும் பாதி பயம் போய்விட்டது. அதற்கு முன்னால் அது வெறும் பூதம்.

வீட்டுக்கு 1,435 என்றதும் எனக்கு இன்னொரு சந்தேகம். முன்பு அது 820. 2022 சீராய்வில் சென்னை தவிர மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளில் குடியிருப்புக்கு உயர்வு பரப்பளவைப் பொறுத்தது. 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. எங்கள் வீடு 1,200ஐத் தொடாது என்று எனக்குத் தெரியும். அப்படியானால் உயர்வு 50 சதவீதம், 1,230 தானே வர வேண்டும்? பதிவேட்டில் 1,260 சதுர அடி என்று இருந்தது. ஒரு கட்டடப் பொறியாளரை வைத்து அளந்து வரைபடம் வாங்கினேன், அதற்கு 2,500 ரூபாய். கடை அறையையும் சேர்த்து மொத்தமே 1,120. அதாவது கடை அறையைத் தனியாகக் கடை எண்ணிலும் எழுதி, அந்த அறையும் சேர்ந்த வீட்டின் மொத்த அளவோடு இன்னொரு முறை கூடுதலாகவும் ஏற்றியிருக்கிறார்கள். அந்த 140 சதுர அடியால் வீடு முழுக்க அடுத்த படிக்குத் தாவி 75 சதவீத உயர்வில் விழுந்துவிட்டது. உங்கள் வீடு 600, 1,200, 1,800 என்ற எல்லைகளுக்குப் பக்கத்தில் இருந்தால், இன்றைக்கே பதிவேட்டில் என்ன பரப்பளவு இருக்கிறது என்று பாருங்கள். பத்திருபது சதுர அடியில் கூட மொத்த வரியும் மாறும். மாடிப்படிக்குக் கீழே போட்ட தகரச் சாய்ப்பு, பின்னால் இருந்து இடித்த மாட்டுக்கொட்டகை எல்லாம் பழைய அளவில் சேர்ந்தே கிடக்கும்.

பரப்பளவை எங்கே பார்ப்பது என்றால், நகராட்சி நிர்வாகத்தின் இணையக் கட்டணத் தளத்தில் வரி எண்ணைப் போட்டால் கேட்பு, நிலுவை எல்லாம் தெரியும். முழு விவரமும் அதில் கிடைக்காவிட்டால் அலுவலகத்தில் கேட்பு பதிவேட்டின் நகல் கேளுங்கள். வாய் வார்த்தையாகக் கேட்டு எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. "நாளைக்கு வாங்க, அந்த செக்‌ஷன் ஆள் இல்ல" என்பார்கள். கோவையிலிருந்து வருகிறவளுக்கு நாளைக்கு என்பது அடுத்த மாதம். கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினேன். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். நான் கேட்டது மூன்றே விஷயம்: இரண்டு எண்களுக்கும் 2008 முதல் உள்ள கேட்பு, வசூல், நிலுவை நகல், 1,260 சதுர அடி என்று முடிவு செய்த உத்தரவு, கடைக் குழாய் இணைப்பின் கோப்பு. ஏன், எதற்கு என்று கேள்வி கேட்டு எழுதாதீர்கள். எந்த ஆவணத்தின் நகல் வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். பதில் வந்தது. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி நகல் வாங்கினேன். 2008 பொதுச் சீராய்வின்போது ஏறிய அளவு அது, தனி உத்தரவு எதுவும் இல்லை என்று எழுத்திலேயே கொடுத்தார்கள். அந்தத் தாள் கையில் வந்தபிறகுதான் என்னோடு பேசுகிற குரலே மாறியது.

இதற்கிடையில் ஊரில் அம்மா பட்டது தனி. பாக்கிதாரர் வீடுகளுக்கு வசூலுக்கு வந்தவர்கள் வாசலில் நின்று சத்தமாகப் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். "ஏளா, வீட்டுப் பைப்பையும் கட் பண்ணிருவாங்களாம், ஜப்தின்னு என்னமோ சொல்றாங்க, பேசாம கட்டித் தொலைச்சிருவோம்ளா" என்று ராத்திரி போனில் அழுதார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அலுவலக வாசலில் நிற்கும் ஒரு தரகர், 8,000 கொடுத்தால் எல்லாம் சரிசெய்து தருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். நாங்கள் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அவர் பெயர் மாற்றத்தை முடித்திருப்பார், கடை எண் அப்படியே இருந்திருக்கும், இரண்டு வருடம் கழித்து அதே பாக்கி அம்மா பெயரில் வந்து நின்றிருக்கும். அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: யார் வந்தாலும் உட்காரச் சொல்லுங்கள், மனு போட்டிருக்கிறோம் என்று சீல் வைத்த நகலைக் காட்டுங்கள், எழுத்தில் ஏதாவது கொடுத்தால் வாங்கி வையுங்கள், பணம் மட்டும் கையில் கொடுக்க வேண்டாம். வசூலுக்கு வருகிறவர் கருவியில் ரசீது அடித்துக் கொடுத்தால் கட்டலாம், அதிலும் எண்ணைப் பார்த்துவிட்டு.

பாக்கி தகராறில் இருக்கும்போது நடப்பு அரையாண்டைக் கட்டுவதா வேண்டாமா என்று குழப்பம் வரும். கட்டிவிடுங்கள். கட்டாமல் பிடிவாதம் பிடித்தால் நம்முடைய மனுவுக்கே மதிப்பு போய்விடும், அதன் மேல் மாதம் ஒரு சதவீதம் வட்டி வேறு. ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் ஐந்து சதவீதம் ஊக்கத்தொகை கழிப்பார்கள், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. நான் அக்டோபரில் வீட்டு எண்ணுக்கு மட்டும் இணையத்தில் கட்டினேன். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை. அந்த நேரத்தில் பதறி இரண்டாவது முறை கட்டத் தோன்றும். வேண்டாம். பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு இரண்டு மூன்று நாள் பொறுங்கள். ஒன்று ரசீது வரும், இல்லையென்றால் பணம் திரும்பும். இரண்டு முறை போய்விட்டால் அடுத்த அரையாண்டுக்கு முன்பணமாகத்தான் வைப்பார்கள், கையில் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

மனு எழுதியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டி எழுதிக் கொடுத்தேன், அது எந்தப் பிரிவுக்குப் போவது என்று தெரியாமல் சுற்றியது. அப்புறம் ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர் ஒருவர், அப்பாவின் பழைய சிநேகிதர், உட்கார வைத்துச் சொன்னார்: "ஒரு மனுவுக்கு ஒரு கேள்விம்மா. பரப்பளவுக்கு ஒண்ணு, இரட்டை வரி விதிப்பு ரத்துக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு, அம்மா கட்டின காசை எண் மாத்தி வரவு வைக்க ஒண்ணு. பேரு மாத்துறது கடைசி." அப்படியே நான்காக எழுதினேன். எல்லாம் ஆணையர் பெயருக்கு, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொண்டேன். அந்தச் சீல் இல்லாத மனு கொடுக்காத மனு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் ஒன்று கொடுத்தேன். அது கடைசியில் நகராட்சிக்கே திரும்பி வரும்தான், ஆனால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தோடு வரும். 1100 என்ற எண்ணில் கூப்பிட்டும் பதிவு செய்யலாம்.

கடை 2015இலேயே போய்விட்டது என்பதற்கு என்ன ஆதாரம் என்றார்கள். நல்ல வேளையாக மின்வாரிய இணைப்பை ஒப்படைத்த கடிதமும், கடைசிக் கணக்கீடு குறித்த அட்டையும் அப்பாவின் பெட்டியில் இருந்தன. அட்டையில் வணிகக் கட்டண வகையும் கடைசித் தேதியும் தெளிவாக இருந்தன. வருவாய் ஆய்வாளர் வீட்டுக்கு வந்து அளந்தபோது அதைத்தான் முதலில் காட்டினேன். ஐந்து நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டு, இது போதும் என்றார். சுவர் இருந்த இடத்தில் தரை ஓடு நிறம் மாறியிருந்ததையும் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். நல்ல மனிதர். அலுவலகத்தில் எல்லோரும் மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். எழுத்தில் ஒன்று கிடைத்தால் வேலை செய்யக்கூடியவர்கள் நிறைய இருக்கிறார்கள், அந்த எழுத்தை நாம்தான் தேடிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அளந்த அறிக்கை போன பிறகு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். நகராட்சியில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ள வேலைக்குப் போய்விட்டார்கள், அந்த நேரத்தில் போய்க் கோப்பைக் கேட்க எனக்கே மனசு வரவில்லை. நகல்களை முன்பே கோவைக்கு எடுத்து வந்திருந்தது பெரிய நிம்மதி. ஜனவரி கழிந்து கோப்பு நகர ஆரம்பித்தபோது, நிலுவையைத் தள்ளுபடி செய்ய நகர்மன்றத் தீர்மானம் வேண்டும் என்றார்கள். மார்ச் 16இல் நாடாளுமன்றத் தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டது. ஜூன் வரை அப்படியே நின்றது. இப்படிப்பட்ட வேலை இருந்தால் தேர்தல், மார்ச் மாத வசூல் நெருக்கடி இரண்டையும் கணக்கில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே கொடுங்கள். மார்ச் முழுக்க அவர்களுக்கு வசூல் இலக்குதான் கண்ணில் தெரியும்.

முடிவு என்னவென்றால், கடை எண் இரட்டை வரி விதிப்பு என்று ரத்தானது, 8,740 போயிற்று. அம்மா கட்டிய 2,000 வீட்டு எண்ணுக்கு மாறியது. பரப்பளவு 1,120 என்று திருத்தி அரையாண்டு வரி 1,093 ஆனது. ஆனால் மனு கொடுத்ததற்கு அடுத்த அரையாண்டிலிருந்துதான். அதற்கு முந்தைய மூன்று அரையாண்டுக்கு அதிகம் கட்டிய ஆயிரம் ரூபாய்ச் சொச்சம் திரும்பவில்லை. குடிநீர் விஷயத்தில் தோற்றோம். குழாயைத் துண்டித்ததற்கு ஒரு தாள் கூட இல்லை. மின்சாரம் ஒப்படைத்ததைக் காட்டியும் ஏற்கவில்லை, அது வேறு துறை என்றுவிட்டார்கள். 14,400 ரூபாயையும் தவணையாகக் கட்டினோம். பயணம், லீவில் போன சம்பளம், அளவை, நகல் எல்லாம் சேர்த்தால் அதற்கு மேலேயே போயிருக்கும். கட்டும்போது வயிறு எரிந்தது, இப்போதும் எரிகிறது. வீட்டிலோ கடையிலோ குழாய் வேண்டாம் என்றால், மனு கொடுத்து, பிட்டர் வந்து துண்டித்ததற்கு எழுத்தில் வாங்கி, வைப்புத் தொகையையும் திரும்பக் கேளுங்கள். குழாய் காய்ந்து கிடந்தாலும் கட்டணம் காயாது.

பெயர் மாற்றம் அதற்குப் பிறகு சுலபமாகவே முடிந்தது. பாக்கி இல்லாத ரசீது, பத்திர நகல், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அம்மாவின் ஆதார், இவ்வளவுதான். உத்தரவு வந்ததும் பெயரின் எழுத்தைச் சரிபாருங்கள். அம்மா பெயரில் தலைப்பெழுத்தை மாற்றி அடித்திருந்தார்கள், ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்று மறுபடி ஒரு மனு கொடுக்க வேண்டி வந்தது. பட்டாவில், மின் அட்டையில், தீர்வையில் மூன்றிலும் ஒரே எழுத்தாக இருக்கும்படி முதலிலேயே ஒரு தாளில் எழுதி மனுவோடு இணைத்துவிடுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் 13இல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, ஊருக்கு ஊர் பழைய பதிவேட்டிலிருந்து புதிய கணக்குக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு 6 சதவீதம் உயர்வும் வந்தது. தப்பான பரப்பளவு இருந்தால் அந்த 6 சதவீதமும் தப்பின் மேலேயே ஏறும். அதனால் தொகை சின்னதுதானே என்று விட்டுவிட வேண்டாம். பெற்றோர் நன்றாக இருக்கும்போதே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு மத்தியானம் ஒதுக்கி அவர்களோடு உட்காருங்கள். வீட்டுக்கு எத்தனை எண், கடை, வாடகைப் பகுதி, காலி மனை என்று எதற்காவது தனி எண் இருந்ததா, எந்தக் குழாய் யார் பெயரில் என்று கேட்டு எழுதிவிடுங்கள். அந்த மோர் விஷயம் அம்மாவுக்கு நினைவிருந்ததால்தான் எனக்கு எங்கே தேடுவது என்றே தெரிந்தது.

கடைக் குழாயின் வைப்புத் தொகைக்கு மட்டும் இன்னும் மனு நிலுவையில் இருக்கிறது. அசல் ரசீது எங்களிடம் இல்லை. அவர்கள் வைப்புத் தொகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும் என்பதால் அதன் நகலைக் கேட்டுத் தகவல் மனு போட்டிருக்கிறேன். கிடைத்தால் எந்தப் பிரிவில், எந்த ஆவணத்தைக் காட்டி வாங்கினேன் என்று தனியாக எழுதுகிறேன்.